பொதுச் சுவர்

பதினோராயிரத்து நானூறு.
அதற்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது,
ஆட்டோவுக்குத் தனியாக மடித்து வைத்த
நூறைத் தவிர.

டவுன்ஹால் ரோட்டில் மாடியேறி
துளசிராம் கடையில் நிற்கிறேன்.
மண்டபத்துக்கா, சர்ச்சுக்கா என்கிறார்.
வீட்டுக்கு.
வீட்டுக்குன்னா ஹோம் தியேட்டர் எடுங்கம்மா,
நாலு வீடு அதிரும்.
அதிர வேண்டாம்ணே,
உண்மையைச் சொன்னாப் போதும்.

அவர் சிரிக்கவில்லை.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு
உள்ளே போனார்.
மூன்று இன்ச் மானிட்டர் ஒரு ஜோடி.
ஐந்து இன்ச் ஒரு ஜோடி, மூலை நசுங்கியது,
யாரோ திருப்பிக் கொடுத்த சரக்கு,
நசுங்கலுக்கு எண்ணூறு போக
பதினோராயிரத்து முந்நூறு.

பென் டிரைவில் இருந்தது
நானே கோத்த நாலு நிமிடம்:
உருமி,
ஆம்னி பஸ் புக்கிங் கவுன்டரில்
மாலை ஷிப்ட் உட்கார்ந்தபடி போனில் பிடித்த ஹார்ன்,
இரண்டுக்கும் அடியில் ஒரு பேஸ்.

மூன்று இன்ச்சில் உருமி
பல்லி மாதிரி உச்சுக்கொட்டியது.
ஐந்தில் தோலும் குச்சியுமாக
எதிரே வந்து நின்றது.
அதோடு,
ஹார்ன் அரைத்தட்டு பிந்தி வருகிறது
என்பதையும் போட்டுக்கொடுத்தது.
ஒரு வருஷமாக என் ஹெட்போன்
பாராட்டிக்கொண்டேதான் இருந்தது.

ஒயர் முந்நூற்றெண்பது தனி என்றார்.
ஆட்டோ நூறும் போய்
நூற்றெண்பது கடன் சொல்லி
இரண்டு பெட்டியோடு டவுன் பஸ்ஸில் ஏறினேன்.
கண்டக்டர் லக்கேஜ் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் இறங்கியிருப்பேன்.

ஆனையூரில் என் அறை பத்துக்கு எட்டு.
பெட்டிக்குப் பின்னால் காற்றுத் துளை,
சுவரைவிட்டு ஒரு முழம் தள்ளி வை என்கிறது காகிதம்.
தள்ளினால் பீரோ திறக்காது.
ஹாலோபிளாக் நான்கு,
மேலே ரப்பர் செருப்பை வெட்டி மெத்தை,
இடது வலது என் தலை
மூன்றும் சமதூரம்,
துப்பட்டாவால் அளந்தேன்.

எனக்கு மேடை எதுவும் இல்லை.
யாரும் கூப்பிட்டதும் இல்லை.
பழைய கன்ட்ரோலர் ஒன்று, இரண்டு தட்டு,
நடுவில் இடம்வலம் நழுவும் குமிழ்.
காலை பத்து முதல் மூன்று வரை
நான் டிஜே.

ஆனால் பேஸ் வரவில்லை.
குமிழைத் திருகினேன். வரவில்லை.
முழுக்கத் திருகினேன்.
ஏமாந்துவிட்டேன் என்று
பில்லைத் தேடிக்கொண்டிருந்த மூன்றாம் நாள்
கதவு தட்டியது.

எப்சிபா. சுவருக்கு அந்தப் பக்கம் குடி.
பெரியாஸ்பத்திரியில் நைட் டியூட்டி,
பகலில்தான் தூக்கம்.
என் தம்ளர் நடக்குதுங்க என்றாள்.
ஷெல்பில் நடந்து வந்து
விழுந்தே விட்டது.
பாட்டு பரவாயில்லை,
அந்த அடிச்சத்தம் மட்டும் ஏன் அவ்வளவு?

எந்த அடிச்சத்தம்?

அவளை என் நாற்காலியில் உட்காரவைத்து
நான் அவள் வீட்டுக்குப் போனேன்.
கட்டிலில் ஏறிச் சுவரில் காதை வைத்தேன்.
அங்கே இருந்தது.
உருமி இல்லாமல், ஹார்ன் இல்லாமல்
பேஸ் மட்டும்,
முழுசாக, கொழுகொழுவென்று,
அவள் தலையணைக்குப் பக்கத்தில்.
மூன்று நாளும் அங்கேதான் குடியிருந்திருக்கிறது.
நான் உட்கார்ந்த இடம்தான்
அறையிலேயே அதற்குப் பிடிக்காத இடம்.

பிறகு ஒரு மணிநேரம்
நான் நாற்காலியை நகர்த்த
அவள் அந்தப் பக்கமிருந்து தட்டினாள்.
ஒரு தட்டு, இன்னும் இருக்கு.
இரண்டு, குறையுது.
பீரோவைத் திருப்பினேன்.
கட்டில் குறுக்கே வந்தது.
பேஸ் குமிழைப் பாதிக்கும் கீழே இறக்கினேன்.
கடைசியில் என் வயிற்றில் ஏதோ உட்கார்ந்தது.
அந்தப் பக்கம்
தட்டல் இல்லை.

தூங்கிவிட்டாள் போல.

இப்போது படுத்தால் கால் ஜன்னலில் இடிக்கிறது.
துளசிராமுக்கு நூற்றெண்பது இன்னும் பாக்கி.
புதன்கிழமை எப்சிபா சொன்னாள்,
தம்ளர் சும்மா இருக்கு,
ஆனா அந்த பஸ் இன்னும் லேட்டாத்தான் வருது.

மாட்டுத்தாவணி பஸ்
அப்படித்தான் வரும் என்றேன்.
திருத்தவில்லை.